எந்த மடல் வெல்லும்?

கடிதம் எழுதுதல் ஒரு கலை என்று எமது ஆசிரியர்கள் கற்பித்தனர். விளி எங்ஙனம் அமைதல் வேண்டும், செய்தியை எவ்வரிசையில் கூறுதல் வேண்டும், முடிவில் கையொப்பம் எப்பக்கம் நிற்றல் வேண்டும் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினர். ஆயினும் ஒரு வினாவை அவர்கள் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய தேவை அக்காலத்தில் இருக்கவுமில்லை. கடிதத்தைப் பெற்றவர் அதனைப் பிரித்துப் படிப்பாரா என்பதே அவ்வினா. தபாற்காரர் படலையடியில் மணியடித்தால் வீடே எழுந்து வந்த காலம் அது. பிரிக்கப்படாத கடிதம் என்று ஒன்று ஊரில் இருந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. மின்னஞ்சல் வந்த பின்னர் கடிதம் அனுப்புவதற்கு முத்திரைச் செலவு இல்லை; ஆகையால் அனுப்புவோருக்குக் கணக்கும் இல்லை. வங்கி அனுப்புகிறது, கடைக்காரர் அனுப்புகிறார், சங்கம் அனுப்புகிறது, நாம் என்றோ ஒருநாள் பெயர் கொடுத்து மறந்துவிட்ட நிலையமும் மாதந்தோறும் செய்திமடல் அனுப்புகிறது. பெறுபவர் கண்ணுக்கு முதலில் தெரிவன இரண்டே. ஒன்று அனுப்பியவர் பெயர். மற்றையது ஒரேயொரு தலைப்பு வரி. அவ்விரண்டையும் கண்ட கணத்திலேயே திறப்பதா தள்ளுவதா என்பது முடிவாகிவிடுகிறது. ஒரு மாதம் உழைத்து ஆக்கிய மடல், ஒரு வரியின் குற்றத்தினால் படிக்கப்படாமற் போகலாம். அவ்வரியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இன்றைய பேச்சில் நாம் ஆராயப் புகுவது இதுவேயாகும்.

எழுதுபவர் தமது அனுபவத்தைக் கொண்டு தேர்ந்தெடுக்கட்டும் என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அனுபவம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. பராக் ஒபாமா அவர்கள் இரண்டாம் முறையாகப் போட்டியிட்டார். சிக்காகோ நகரில் அமைந்திருந்த அவருடைய தேர்தற் பணிமனை, ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சல் மடல்களை அனுப்பி நன்கொடை திரட்டியது. இணைய வழியாக அத்தேர்தலில் அவருக்குச் சேர்ந்த தொகை ஏறத்தாழ 69 கோடி டொலர். அதன் பெரும்பகுதி இம்மடல்களின் வழியாக வந்தது. இத்துணைப் பணம் ஒரு மடலின் சொற்களைப் பொறுத்திருந்தமையால், சொற்களைத் தேர்ந்தெடுப்பதை அவர்கள் ஒருவருடைய இரசனைக்கு விட்டுவிடவில்லை. ஒரே மடலைத் தலைப்பிலும் வாசகத்திலும் வேறுபடுத்திச் சில வேளைகளில் பதினெட்டு வடிவங்கள் வரை ஆக்கினர். முழுப் பெயர்ப்பட்டியலுக்கும் அனுப்புமுன், ஒவ்வொரு வடிவத்தையும் சிறு சிறு குழுவினருக்கு அனுப்பி, எவ்வடிவம் மிகுதியான நன்கொடையைக் கொணர்கிறது என்று பார்த்தனர். வென்ற வடிவத்தையே ஏனையோர் அனைவருக்கும் அனுப்பினர்.

அவ்வாண்டு யூன் மாதத்தில் அனுப்பிய ஒரு மடலுக்கு இவ்வாறு பல தலைப்புகளைச் சோதித்தனர். “செலவில் எதிரணி என்னை விஞ்சிவிடும்” என்ற பொருள்படும் தலைப்பு வென்றது. அம்மடல் 26 இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டிற்று. அதே சோதனையிற் கடைசியாக நின்றது “கருத்துக் கணிப்புகள் சரியாகச் சொன்ன ஒன்று” என்ற பொருளுடைய தலைப்பு. அதனை அனுப்பியிருந்தால் ஏறத்தாழ 4 இலட்சம் டொலரே வந்திருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். இரண்டும் ஒரே பணிமனையில், எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் ஆக்கியவை. தோற்ற தலைப்பு அறிவாளியின் தலைப்பு, ஆவலைத் தூண்டுவது. வென்ற தலைப்பிலோ நயமொன்றும் இல்லை; ஒரு மனிதர் தமது இடரைச் சொல்லுகிறார், அவ்வளவே.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. எந்த வடிவம் வெல்லும் என்று அப்பணிமனையினர் தமக்குள்ளே பந்தயம் கட்டிப் பார்த்தனர். நாளாந்தம் இதே தொழிலைச் செய்து வந்த அவர்களுடைய ஊகங்களும் பெரும்பாலும் பிழைத்தன. பண்பட்ட நீண்ட தலைப்புகளை விட, நண்பரை அழைப்பது போன்ற ஒற்றைச் சொல் விளிகள் நன்றாக வேலை செய்தன. அழகிய அமைப்புடைய மடல்களை, அழகற்றவை தோற்கடித்தன. இதனை அறிந்த நாள் முதலாக, “வாசகரின் நாடி எனக்குத் தெரியும்” என்று எவரேனும் கூறக் கேட்டால் சற்றே புன்னகை செய்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இம்முறைக்குப் பிரிப்புச் சோதனை என்று பெயரிடலாம். பெறுவோரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றினருக்கு ஒரு வடிவத்தையும் மறு கூற்றினருக்கு மற்றொரு வடிவத்தையும் அனுப்பி, விளைவை ஒப்பிடுவதே அது. மின்னஞ்சலோடு பிறந்த புதுமை என்று இதனை எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க விளம்பர எழுத்தாளராகிய குளோட் ஹொப்கின்ஸ், 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விஞ்ஞானமுறை விளம்பரம்’ என்ற நூலில் இக்கருத்தை வற்புறுத்தினார். பத்திரிகை விளம்பரத்தின் மூலையில் வெட்டி அனுப்பத்தக்க ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஒவ்வொரு விளம்பர வடிவத்தின் சீட்டிலும் வெவ்வேறு அடையாளக் குறி இடப்பட்டிருக்கும். தபாலில் வந்து சேரும் சீட்டுகளைக் குறிவாரியாக எண்ணினால், எந்தத் தலைப்பு ஆட்களை அழைத்து வந்தது என்பது வெளியாகிவிடும். இன்று பொறி எண்ணுவதை அன்று எழுதுவினைஞர் எண்ணினர் என்பதே வேறுபாடு.

பிரிப்பது எப்படி என்பதிலேதான் இம்முறையின் உயிர் நிற்கிறது. ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் 400 உறுப்பினர்களுக்கு அது மின்னஞ்சலிற் செய்திமடல் அனுப்புகிறது எனக் கொள்வோம். வறிய பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் நிதி அம்மடலையே நம்பியிருக்கிறது. செயலாளர் இரு தலைப்புகளை ஆக்குகிறார். ஒன்று “மார்கழி மாதச் செய்திமடல்” என்பது. மற்றையது “இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் ஐந்து பிள்ளைகள்” என்பது. வசதி கருதி முதலாவதைக் கொழும்பிலுள்ள உறுப்பினருக்கும், இரண்டாவதை ரொறன்ரோவிலுள்ள உறுப்பினருக்கும் அனுப்பிவிடுகிறார். இதனால் அவர் அறியப்போவது ஒன்றுமில்லை. கொழும்பிலே காலை ஏழு மணி என்றால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் அது முதல்நாள் இரவு ஒன்பதரை மணி. ஒருவர் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருக்கிறார். மற்றவர் உணவருந்தி ஓய்ந்திருக்கிறார். இங்கே போட்டி நடப்பது இரு நகரங்களுக்கிடையே. தலைப்புகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பட்டியலின் முதற்பாதி, பிற்பாதி என்று பிரித்தாலும் இதே இடர்தான். முதலிற் சேர்ந்த மூத்தோர் ஒரு பக்கமும் அண்மையிற் சேர்ந்த இளையோர் மறுபக்கமும் ஆகிவிடுவர்.

இதற்கு ஒரே மருந்து திருவுளச் சீட்டு. ஒவ்வொரு உறுப்பினரும் எக்கூற்றைச் சார்வார் என்பதைத் தற்செயலே தீர்மானிக்க வேண்டும். அப்பொழுது மூத்தோர், இளையோர், கொழும்பார், ரொறன்ரோவார் ஆகிய எல்லோரும் இரு கூற்றிலும் ஏறக்குறையச் சமமாகக் கலந்துவிடுவர். நாம் எண்ணிப் பார்க்காத வேறுபாடுகளும் அவ்வாறே கலந்துவிடும் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. இந்த நுட்பத்தை முறைப்படுத்தித் தந்தவர் ரொனால்ட் பிஷர் என்னும் ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர். 1919ஆம் ஆண்டில் அவர் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணியேற்றார். வயலின் ஒரு மூலை மற்றொரு மூலையைப் போல விளைவதில்லை. பசளையின் பயனையும் நிலத்தின் வளத்தையும் வேறு பிரித்தறிதல் எப்படி என்ற கேள்வி அங்கே அவரை எதிர்கொண்டது. எந்தத் துண்டு நிலத்துக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டுக்கு விடுங்கள் என்றார் அவர்.

அந்நிலையத்திலே நிகழ்ந்த தேநீர்க் கதை ஒன்று அறிஞர் உலகிற் பெயர் பெற்றது. தேயிலை விளையும் நாட்டினராகிய நாம் அதனை அறிந்திருத்தல் தகும். மியூரியல் பிரிஸ்ரல் என்னும் பெண் விஞ்ஞானி, கோப்பையில் முதலிற் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவையைக் கொண்டே சொல்ல இயலும் என்றார். மற்றையோர் நகைத்தனர், பிஷர் அதனைச் சோதிக்க முற்பட்டார். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இச்சோதனையை அவர் விரித்துரைக்கிறார். எட்டுக் கோப்பைகள், நான்கிற் பால் முதல், நான்கிற் தேநீர் முதல், வரிசையைத் தீர்மானிப்பது தற்செயல். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்கி எடுப்பதற்கு 70 வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே முற்றுஞ் சரியானது. ஆதலால் அவர் நான்கையும் சரியாகக் காட்டினால், அது வெறும் ஊகத்தால் நேர்வதற்கு எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. மூன்று கோப்பை சரி, ஒன்று பிழை என்றாலோ, அவரை நம்புவதற்குப் போதிய சான்று இல்லை.

இக்கதையின் பயன் நம்முடைய சங்கச் செயலாளருக்கு உடனே வேண்டியதாகிறது. அவர் இப்பொழுது சீட்டு முறையில் உறுப்பினரை இருநூறு இருநூறாகப் பிரித்து அனுப்பிவிட்டார். முதல் தலைப்பைக் கண்டவர்களுள் 50 பேர் மடலிலுள்ள நிதிப் பக்கத்துக்குச் சென்றனர். இரண்டாவதைக் கண்டவர்களுள் 58 பேர் சென்றனர். இரண்டாவது தலைப்பு வென்றுவிட்டது என்று நிருவாக சபைக்கு அறிவிக்கலாமா? பொறுத்தல் வேண்டும். ஒரே தலைப்பை இரு கூற்றினருக்கும் அனுப்பியிருந்தாலுங்கூட, எட்டுப் பேரோ அதற்கு மேலோ வேறுபடுவது பத்து முறைக்கு ஏறத்தாழ நான்கு முறை நேரக்கூடியது. நாணயத்தை நூறு முறை சுண்டினால் ஐம்பது தலை, ஐம்பது பூ என்று விழுவதில்லையே! நூற்றுக்கு 25 என்பதற்கும் 29 என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு உறுதியோடு கண்டறிய, ஒவ்வொரு கூற்றிலும் ஏறத்தாழ 2,000 பேர் வேண்டும். ஒபாமாவின் பணிமனைக்குப் பெயர்ப்பட்டியல் இலட்சக் கணக்கில் இருந்தது. நமது சங்கத்துக்கு நானூறே உண்டு.

ஆகவே சிறிய சங்கங்களுக்கு இம்முறை உதவாது என்று கைவிட்டுவிடலாமா? அங்ஙனம் நான் கருதவில்லை. சிறியோர் சிறு வேறுபாடுகளைத் தேடிக் காலத்தைப் போக்கலாகாது. “செய்திமடல்” என்பதா, “செய்தி மலர்” என்பதா என்ற சோதனை அவர்களுக்கு வேண்டாம். மடலின் போக்கையே மாற்றும் பெரிய வேறுபாடுகளைச் சோதிக்கட்டும். நிதிக்கணக்கை முன்வைக்கும் மடலுக்கு எதிராக, ஒரு பிள்ளையின் வரலாற்றை முன்வைக்கும் மடலை நிறுத்தட்டும். மேலும், ஒரே கேள்வியைப் பல மாதங்கள் தொடர்ந்து கேட்கலாம். மாதப் பெயரைத் தாங்கிய தலைப்பா, பிள்ளைகளைச் சுட்டும் தலைப்பா என்பதை ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சீட்டுப் போட்டுச் சோதித்து வந்தால், ஓராண்டில் ஒவ்வொரு பக்கமும் 2,400 மடல்கள் சேர்ந்துவிடும். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதால் இது 2,400 தனியாட்களுக்கு ஈடாகாது. எனினும் ஒரு மாத விளைவைக் கொண்டு துள்ளுவதிலும் இது எவ்வளவோ மேல்.

ஒரு முறையில் ஒன்றையே மாற்றுக என்று பாடநூல்கள் விதிக்கின்றன. தலைப்பையும் படத்தையும் அனுப்பும் நேரத்தையும் ஒருங்கே மாற்றினால், வெற்றிக்கு எது காரணம் என்று தெரியாமற் போகும் என்பது அதன் நியாயம். காரணத்தை அறிய விரும்புவோருக்கு இவ்விதி பொருந்தும். இரண்டு முழு மடல்களுள் நல்லதை அறிய விரும்புவோருக்கு இவ்வளவு இறுக்கம் வேண்டியதில்லை என்பது எனது எண்ணம். இவ்விதியை விடக் கண்டிப்பானது வேறொன்று உண்டு. எத்தனை பேருக்கு அனுப்புவது, எந்நாளில் எண்ணிக்கையை முடிப்பது, எதனை வெற்றி என்று கொள்வது ஆகியவற்றை அனுப்புமுன்னரே எழுதி வைத்துவிடுதல் வேண்டும். மணிக்கொரு தரம் எண்ணிக்கையைப் பார்த்து, தமக்குப் பிடித்த தலைப்பு முந்தி நிற்கும் வேளையிற் சோதனையை நிறுத்துபவர், பரீட்சைத் தாளைத் திருத்தும்போது தம் பிள்ளையின் தாளுக்கு மட்டும் இரண்டாம் முறை புள்ளியிடும் ஆசிரியரை ஒப்பர். அன்றியும், நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாக நேரத்தக்க வேறுபாட்டையும் வெற்றி என்று ஏற்பவர், உண்மையில் வேறுபாடே இல்லாத இருபது சோதனைகளைச் செய்தால், ஒன்றேனும் பொய்யாக வெல்வதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு.

பணம் திரட்டுவோருக்கும் பண்டம் விற்போருக்கும் மட்டுமே உரிய கருவியா இது என்று கேட்கலாம். கிழக்கு இலண்டனிலுள்ள பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைகளிலே நடந்ததைக் கூறுகிறேன். வைத்திய நிபுணரைப் பார்ப்பதற்கு நேரம் குறித்துக்கொண்ட நோயாளர் பலர் வராமல் விட்டுவிடுவர். நிபுணரின் நேரம் வீணாகிறது. அந்த இடத்திற் பார்க்கப்பட்டிருக்கக் கூடிய வேறொரு நோயாளி காத்திருக்கிறார். நினைவூட்டும் குறுஞ்செய்தி முன்னரே வழக்கத்தில் இருந்தது. அச்செய்தியை நான்கு விதமாக எழுதி, நோயாளரைத் தற்செயலாகப் பிரித்து அனுப்பினர். வழக்கமான செய்தியைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 11.1 பேர் வரவில்லை. “நீங்கள் வராவிடின் தேசிய சுகாதார சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண் செலவாகும்” என்ற கருத்தைச் சேர்த்த செய்தியைப் பெற்றவர்களுள் வராதோர் 8.4 பேர். இதன் முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளியாயின. தொகையைக் குறிப்பிடாமல், பணம் செலவாகும் என்று பொதுவாகச் சொல்லும் செய்தியோடு மறுமுறை ஒப்பிட்டபோதும், தொகையைச் சொன்ன செய்தியே சிறந்து நின்றது. செய்தியை அனுப்பும் செலவு கூடவில்லை. மாறியவை சில சொற்களே.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அம்மருத்துவமனைகள் எண்ணியது, செய்தியைப் படித்தவர் எத்தனை பேர் என்பதை அன்று. வராமல் விட்டவர் எத்தனை பேர் என்பதையே. எதனை அளக்கிறோமோ அதுவே பெருகும். மின்னஞ்சல் மடல்களை அனுப்புவோர் நெடுங்காலமாக எண்ணி வந்தது, திறந்தவர் தொகையை. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை மறைத்து வைப்பர், மடலைத் திறக்கும்போது அப்படம் அனுப்பியவரின் பொறியிலிருந்து அழைக்கப்படும், அவ்வழைப்பை எண்ணிக்கொள்வர். பெறுபவர் அறியாமல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதைப் போன்றது இது. 2021ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தனது மின்னஞ்சற் செயலியில் ஒரு காப்பு முறையைக் கொண்டுவந்தது. அதனை ஏற்றுக்கொண்டவர்களின் மடல்களிலுள்ள படங்களை, அவர்கள் திறந்தாலும் திறவாவிட்டாலும் அந்நிறுவனத்தின் பொறிகளே முன்கூட்டி அழைத்துவிடுகின்றன. ஆதலால் திறந்தவர் தொகை என்று காட்டப்படும் எண்ணிக்கையைப் பழையபடி நம்புவதற்கில்லை.

இதனைக் கேடு என்று நான் கொள்ளமாட்டேன். திறந்தவர் தொகையை மட்டும் நோக்கி எழுதுவோர் கைக்கொள்ளும் தந்திரங்களை நாம் அறிவோம். “அவசரம்” என்று தலைப்பிடுவர். உள்ளே ஆண்டுச் சந்தா நினைவூட்டல் இருக்கும். “உங்கள் பெயர் பட்டியலில் இல்லை” என்று எழுதுவர். திறந்து பார்த்தால் இராப்போசன விருந்துக்கான அழைப்பு. அத்தலைப்பு அம்மாதச் சோதனையில் வெல்லும் என்பதில் ஐயமில்லை. மூன்றாம் மாதம் அந்தச் சங்கத்தின் பெயரைக் கண்டவுடன் மடலைத் தள்ளிவிடும் பழக்கம் உறுப்பினருக்கு உண்டாகிவிடும். பின்னர் ஒருநாள் வெள்ளம் வந்து, பிள்ளைகளின் புத்தகமெல்லாம் நனைந்து, மெய்யாகவே “அவசரம்” என்று எழுத நேர்ந்தால், அதனைத் திறப்பார் இல்லை. ஆகையால் நமது செயலாளர் எண்ண வேண்டியவை வேறு. நிதிப் பக்கத்துக்குச் சென்றவர் எத்தனை பேர், நன்கொடை தந்தவர் எத்தனை பேர், பதில் எழுதியவர் எத்தனை பேர், இனி மடல் வேண்டாம் என்று விலகியவர் எத்தனை பேர் என்பனவே அவை. இறுதியாகச் சொன்ன தொகையைப் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை. தலைப்பின் உண்மை விலை பெரும்பாலும் அத்தொகையிலேதான் எழுதப்பட்டிருக்கும்.

வென்ற வடிவமும் என்றென்றும் வென்றுகொண்டிராது. சிக்காகோப் பணிமனையினர், மடலின் சில வரிகளுக்கு மஞ்சள் நிறம் தீட்டிப் பார்த்தபோது நன்கொடை பெருகிற்று. சில காலம் சென்றதும் அந்நிறத்துக்குக் கண்கள் பழகிவிட்டன, பயனும் தேய்ந்தது. ஆதலின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் பழைய வெற்றி மடலைப் புதியதொன்றோடு மீண்டும் போட்டிக்கு விடுதல் வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் திகதி, இரு வடிவங்கள், அனுப்பிய தொகை, விளைவு என்ற முறையில் ஒரு கொப்பியிற் பதிந்து வைத்தல் நன்று. தோற்றவற்றையும், வேறுபாடு காணப்படாதவற்றையும் விடாது எழுதுதல் வேண்டும். சங்கங்களிலே ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கூட்டம் செயலாளர் மாறுவர். புதிதாக வருபவருக்குக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு இந்தக் கொப்பியையும் கையளித்துவிடலாம்.